கிக்கர் இருக்கிற பக்கம்

கொல்லம்
4-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி காசிலிங்கம் எழுதுவது. நான் சுகம். நீயும் கோவிந்தசாமி மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். என் போனில் கேமரா உடைந்துவிட்டது. அதுவும் இல்லாமல் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறது. கடிதம் என்றால் நீ கத்துவது எனக்குக் கேட்காது.

துறைமுகத்தில் வேலை நன்றாகப் போகிறது. இப்போது படகில் போவதில்லை. கரையிலேயே எஞ்சின் ரிப்பேர், உட்கார்ந்து செய்கிற வேலை. ரூமையும் மாடியிலிருந்து கீழே மாற்றிக்கொண்டேன். புது விலாசம் கவர் மேல் இருக்கிறது.

விஷயம் இதுதான். உன் வீட்டில் நிற்கிற என் யமஹா ஆர்.எக்ஸ். நூறை விற்றுவிடு. ராஜா என்று ஒருவர் வருவார். பிரெஞ்சுத் தெருவில் காபி கடை திறக்கப்போகிறார். பழைய ஜப்பான் வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர். கேள்வி கேட்காமல் கொடுத்துவிடு.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி
காசி


உப்பளம், புதுச்சேரி
14-2-2024

காசிக்கு,

அக்கா தில்லையம்மாள் எழுதுவது. நாங்கள் சுகம். மாமாவின் முதுகு பரவாயில்லை. நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய். புத்தி சுகமாக இருக்கிறவன் இப்படி ஒரு கடிதம் எழுதுவானா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

வண்டியை விற்க மாட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நீ கொல்லத்துக்குப் போய் பதினெட்டு வருஷம். போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய்? "வெள்ளிக்கெழம தவறாம ஒதச்சு அஞ்சு நிமிஷம் ஓடவுடு, யாரு கேட்டாலும் குடுக்காத." அம்மா உயிரோடு இருந்தாள் அப்போது. அவளைக்கூட இத்தனை பத்திரம் சொல்லி நீ என்னிடம் ஒப்படைக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் பீச் ரோட்டில் மூன்று வண்டி வரிசையாக நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? எழிலரசனுக்கு சுசுகி, அம்மாவாசைக்கு கவாசாகி, உனக்கு யமஹா. மூன்று தெரு தள்ளி வரும்போதே சத்தத்தை வைத்து எது உன் வண்டி என்று அம்மா சொல்லிவிடுவாள். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நீ காந்தி சிலையிலிருந்து பழைய லைட் ஹவுஸ் வரைக்கும் போவாய். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

அதில் என் பங்கு என்ன? நீ கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே "அக்கா, ஸ்டார்ட் பண்ணி வையி" என்பாய். நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உதைப்பேன். எஞ்சின் சூடானதும் நீ ஏறிப் போய்விடுவாய். ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு, "பொம்பளைங்க வண்டி இல்ல அது" என்றாய். அதை நான் மறக்கவில்லை, தெரிந்துகொள்.

இப்போது திடீரென்று யாரோ ராஜாவுக்குத் தூக்கிக் கொடு என்கிறாய். உனக்கு என்ன ஆயிற்று? வரும் 24-ஆம் தேதி மாசி மகம். போன வருஷமும் நீ வரவில்லை. இந்த வருஷமாவது வா.

தில்லை


கொல்லம்
1-3-2024

அன்புள்ள அக்கா,

நலம். மகத்துக்கு வர முடியவில்லை, வேலை அதிகம். வண்டி எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். காரணமெல்லாம் ஒன்றும் இல்லை. ராஜா பத்தாம் தேதி வருவார். என் வண்டி, நான் சொல்கிறேன், கொடு.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். உடம்பு தேறியிருக்கிறேன் பார்.

காசி


உப்பளம்
13-3-2024

காசிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போட்டோ பார்த்தேன். ரிப்பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். முகம் மட்டும்தான் தேறியிருக்கிறது, கண்ணு தேறவில்லை.

உன் ராஜா வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். டேங்கைத் தடவித் தடவிப் பார்த்தார். எஞ்சினில் ஜப்பான் என்று அடித்திருப்பதைக் குனிந்து போட்டோ எடுத்தார். சின்ன வயதில் அவர் சித்தப்பா இதே வண்டியில் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுவாராம். எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கடைச் சுவரில் மாட்டப்போகிறாராம். இரும்புச் சட்டம் அடித்து, விளக்கு போட்டு, கீழே மேசை. எஞ்சினைக் கழற்றிவிட்டு கூடு மட்டும்தான் மாட்டுவார்களாம், சுவர் தாங்க வேண்டுமே.

வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒரே உதை. பிடித்துக்கொண்டது. புகை கிளம்பியது பார், எதிர்வீடு தெரியவில்லை. ராஜா இருமிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய்விட்டார். திரும்பி வந்ததும் "சொவத்துல மாட்றதுக்கு வேற எதனா பாருங்க தம்பி, இது ஓடுற வண்டி" என்றேன்.

அந்தப் புகைதான் இப்போது கவலை. முன்பு இத்தனை வராது. பிளக்கும் அடிக்கடி கரி பிடித்து அடைக்கிறது. பின் டயர் வேறு மொட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும். செயினும் தொங்குகிறது. எந்தச் செயின் நல்லது என்று எழுது.

தில்லை


கொல்லம்
27-3-2024

அக்கா,

சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன்.

நிற்கிற வண்டிக்கு டயர் எப்படித் தேயும்? வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் ஓடுகிற எஞ்சினுக்குச் செயின் எப்படித் தொங்கும்? வண்டியை யாருக்குக் கொடுத்திருக்கிறாய்?

அந்த யாரோ ஒரு ஆளுக்கு இதையும் சொல். பெட்ரோலில் அவன் ஆயில் கலக்கிறான். படகு மோட்டாருக்குக் கலக்குகிற மாதிரி கலக்கிவிட்டு, வண்டியின் ஆயில் டேங்கையும் நிரப்பி வைத்திருக்கிறான். வண்டி தனக்கு வேண்டிய ஆயிலைத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு பங்கு ஆயில் குடித்தால் தெருவெல்லாம் புகையாமல் என்ன செய்யும்? மீன்காரன் வீட்டு ஆள்தான் இந்தத் தப்பைச் செய்வான், வேறு யாருக்கும் இது தோன்றாது.

மாமா இல்லை. மாமாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. யார்?

காசி


உப்பளம்
9-4-2024

காசிக்கு,

நாங்கள் சுகம். ஆயில் கலக்குவதை நிறுத்திவிட்டேன். புகை நின்றுவிட்டது. பரவாயில்லை, இன்னும் மெக்கானிக்காகத்தான் இருக்கிறாய்.

அந்த யாரோ ஒரு ஆள் நான்தான்.

இரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். பெரிய மார்க்கெட்டில் என் இடத்துக்குப் பக்கத்திலேயே பத்துப் பேர் கடை போட்டுவிட்டார்கள். தட்டாஞ்சாவடியில் கம்பெனி விட்டு வருகிற பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்குவார்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல வியாபாரம். ஒரு நாள் ஷேர் ஆட்டோக்காரன் பாதி வழியில் நிறுத்தி, நாற்றம் என்று இறக்கிவிட்டான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தராவது வாயைத் திறக்கவில்லை. வெயிலில் கூடையோடு நடந்து வந்தேன். அழுதுகொண்டுதான் வந்தேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். வீட்டுக்கு வந்தால் உன் வண்டி நிற்கிறது. தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு எரிச்சல் வந்தது பார்.

உப்பளம் மைதானத்தில்தான் கற்றுக்கொண்டேன். மாமா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கிளட்சை விட்டேன், வண்டி பாய்ந்தது, மாமா புழுதியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முதுகுவலிதான் நீ ஒவ்வொரு தடவையும் விசாரிப்பது. ஒரு வார்த்தை திட்டவில்லை மனுஷன். எழுந்து வந்து மறுபடியும் பிடித்தார்.

நாற்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுடிதார் போட்டேன். ஊர் சிரித்தது வண்டியைப் பார்த்து இல்லை, சுடிதாரைப் பார்த்துத்தான். அம்மாவாசை இருக்கிறானே, உன் கூட்டாளி, கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் "பொம்பள யமஹா ஓட்டுனா கடல்ல மீனு வுழுமா?" என்று கேட்டான். "நீ கவாசாகி ஓட்டுனப்ப மட்டும் என்னா சுறாவா வுழுந்துது?" என்றேன். அதற்கப்புறம் அவன் பெண்டாட்டியே தட்டாஞ்சாவடிக்குப் போக என்னிடம் லிஃப்ட் கேட்கிறாள்.

உன்னிடம் மறைத்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ தடுத்திருப்பாய், தடுத்தாலும் நான் ஓட்டியிருப்பேன், வீணாகச் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

நான் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். மாடி ரூம் வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை, மகத்துக்கு வரவில்லை, போட்டோவில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நான் பத்தாவது ஃபெயில், முட்டாள் இல்லை.

தில்லை


உப்பளம்
28-5-2024

காசிக்கு,

ஐம்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. இங்கே மீன்பிடி தடைக்காலம், கருவாடுதான் விற்கிறேன். சாயங்காலம் தபால்காரர் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும் வாசலில் நிற்கிறேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டால் அவர் மேல் எரிந்து விழுகிறேன்.

ஜூன் பதினைந்துக்குள் பதில் வரவில்லை என்றால் நானே கிளம்பி வருவேன். வந்தால் சும்மா திரும்ப மாட்டேன்.

அக்கா


கொல்லம்
10-6-2024

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. உட்கார்ந்து படி. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் படகில் வலை இழுக்கிற விஞ்ச் மெஷினை ஓட்டும்போது இரும்புக் கயிறு அறுந்து காலில் சுற்றியது. கரைக்குக் கொண்டுவர ஆறு மணி நேரம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால். கிக்கர் இருக்கிற பக்கம்.

கூட வேலை செய்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் கால் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை, கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, அந்த பயம் வேண்டாம்.

உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். நீ அழுவாய், பிறகு கிளம்பி வருவாய், என்னைப் பார்ப்பாய். நீ பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

வண்டியை ஏன் விற்கச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அது நின்றுகொண்டிருக்கிற வரைக்கும் நான் ஒரு நாள் ஊருக்கு வந்து அதை உதைப்பேன் என்று மனசு ஓயாமல் சொல்கிறது. கையில் சாவி இருக்கிற மாதிரி தூக்கத்தில் எழுந்துகொள்கிறேன். அது இல்லாமல் போனால் இதுவும் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஊருக்கு வரச் சொல்லாதே. பீச் ரோட்டில் என்னை ஒற்றைச் சக்கரத்தில் பார்த்தவர்கள் ஒற்றைக் காலில் பார்க்க வேண்டாம். அம்மாவாசை என் கையைப் பிடித்துக்கொண்டு "அடப்பாவமே" என்று சொல்வான். அதைக் கேட்பதைவிட இங்கேயே இருந்துவிடுகிறேன்.

நீ வண்டி ஓட்டுவது பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. செயின் டைட் பண்ணும்போது ரொம்ப முறுக்காதே, கொஞ்சம் தளர்ச்சி இருக்கட்டும்.

காசி


உப்பளம்
17-6-2024

காசிக்கு,

சுகமா என்று கேட்டு இத்தனை கடிதம் எழுதினேன், ஒன்றுக்காவது உண்மையைச் சொன்னாயா?

நானும் மாமாவும் ஒரு நாள் முழுக்க அழுதோம். அடுப்பு பற்ற வைக்கவில்லை. மறுநாள் காலையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து மாசம். நான் இங்கே மீனை வெட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், நீ அங்கே தனியாகக் கிடந்திருக்கிறாய். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு நான் இல்லாமல் வேறு யார் இருக்கிறார்கள்? தண்ணீர் கொடுக்கக்கூட என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையா? இதை நான் மன்னிக்க ரொம்ப நாள் ஆகும்.

வண்டியை இப்போதும் விற்க மாட்டேன். உன் ஞாபகமாக வைத்துக்கொள்வேன் என்று நினைக்காதே. எனக்கு அது வேண்டும். தினமும் காலையில் துறைமுகத்திலிருந்து கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது நான் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சுகம் உனக்குத் தெரியும், நீ முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அனுபவித்துவிட்டாய். எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

அங்கே இப்போது தடைக்காலம் ஆரம்பித்திருக்கும். ஜூலை முடியும் வரைக்கும் படகு இறங்காது, வேலையும் இருக்காது. கிளம்பி வா. உதைக்க நான் இருக்கிறேன், ஓட்டவும் நான் இருக்கிறேன். நீ பின்னால் உட்கார்.

அக்கா


கொல்லம்
1-7-2024

அக்கா,

நலம். பின்னால் உட்கார மாட்டேன்.

காசி


உப்பளம்
15-7-2024

காசிக்கு,

நாங்கள் சுகம். உன் நீண்ட கடிதம் கிடைத்தது. இரண்டு வரி எழுதத் தபால்தலை ஒட்டியிருக்கிறாய்.

நான் கெஞ்சப்போவதில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ராஜாவின் காபி கடைக்கு முன்னால் பழைய ஜப்பான் வண்டிக்காரர்கள் கூட்டம். சென்னை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். முப்பது வண்டி இருக்கும். எல்லாம் புது பெயின்ட் அடித்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று. ராஜாவே வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல மனசு அவருக்கு, அன்றைக்கு இருமிக்கொண்டு போனதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வியாபாரம் முடித்து அப்படியே போனேன். டேங்கில் நீ விழுந்த கீறல், நான் விழுந்த கீறல், பின்னால் மீன் கூடை, அதில் செதில். வரிசையின் நடுவில் நிறுத்தினேன். போட்டோ எடுக்கிறவர் வந்து கூடையை மட்டும் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது, உடம்பெல்லாம் சுட்டது.

"கூடையோடதாங்க நிக்கும்" என்றேன். "இது நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கும் ஓடிட்டுதான் வந்துது. வேணும்னா எடுங்க, இல்லன்னா வுடுங்க." பிறகு நரைத்த மீசைக்காரர் ஒருவர் தன் பளபள வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் வண்டி டிரக்கில் ஏற்றி வந்ததாம், மூன்று வருஷமாக ரோட்டில் இறங்கவில்லையாம். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

வண்டிக்கே அந்த ரோஷம் என்றால் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? உன் காலை மட்டும் ஓரமாக வைத்துவிட்டு வா என்று உன்னிடம் யார் சொன்னது? ஊர் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்கிறாய். அம்மாவாசை "அடப்பாவமே" என்று சொல்வான், ஆமாம். என் சுடிதாருக்கு ஒரு மாசம் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்க ஆள் இல்லை. உனக்கு ஒரு வாரம் "அடப்பாவமே" சொல்வார்கள். அப்புறம் மோட்டார் ரிப்பேருக்கு உன் வாசலில்தான் நிற்பார்கள், வேறு போக்கிடம் கிடையாது அவர்களுக்கு.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் எழுத வராது.

அக்கா


கொல்லம்
24-7-2024

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகக் கோபத்தில் இருந்தேன். நாலாம் நாள் டிக்கெட் எடுத்துவிட்டேன். 31-ஆம் தேதி புதன்கிழமை காலையில் விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறி, மத்தியானம் பாண்டிக்கு வந்துவிடுவேன். ஆட்டோ பிடித்து வைக்காதே. நீ வா.

இங்கே கூட இருக்கிறவர்கள், கிளம்பும்போது பேன்ட் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அந்தப் பிளாஸ்டிக் காலை உள்ளே மாட்டினால் ஒன்றும் தெரியாது என்று. வேண்டாம் என்றுவிட்டேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டையோடுதான் வருவேன். பின்னால் உட்காரும்போது கட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து வீடு பக்கம்தான். நேராகப் போகாதே. பெரிய மார்க்கெட்டைச் சுற்றி, அங்கிருந்து பீச் ரோட்டுக்கு விடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விட மாட்டார்கள், அதனால் நாலு மணிக்கே போய்விட வேண்டும். காந்தி சிலையிலிருந்து லைட் ஹவுஸ் வரைக்கும் ஓட்டு.

யாராவது என் காலைப் பார்த்து நின்றுவிட்டால் ஹாரன் அடிக்காதே. வண்டியை மெதுவாக்கு. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி
காசிலிங்கம்